வாசலில் நின்று கேட்கிறார்கள்

கேள்வி: கொளத்தூரில் 20 வருடமாகக் குடும்ப மருத்துவராக இருக்கிறேன். ஃபேமிலி மெடிசினில் டிஎன்பி என்ற மேற்படிப்பு படிக்கும் இளம் டாக்டர் ஒருவர் என்னிடம் பயிற்சிக்கு வருகிறார். கெட்டிக்காரர். ஆனால் அவரிடம் காட்டியவர்கள் என் அறை வாசலில் நின்று, "மேடம்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போறேன்" என்கிறார்கள். நோயாளியிடம் பேசுவதைச் சொல்லிக்கொடுக்க முடியுமா, அது கூடவே பிறப்பதா?
— பெயர் வேண்டாம், சென்னை

பதில்: முடியும் டாக்டர். ஊசி போடுவது போல இதுவும் பழகப் பழகக் கைவருவதுதான். 2019-லிருந்து எம்பிபிஎஸ் பாடத்திட்டத்திலேயே இதற்கு இடம் இருக்கிறது. ஆனால் வகுப்பில் கேட்டதெல்லாம், வெளியே டோக்கனோடு கூட்டம் காத்திருக்கும் சாயங்கால ஓபியில் மறந்துபோகும். அங்கே நீங்கள் கூட இருக்க வேண்டும்.

நான் வடசென்னையில் பயிற்சியில் இருந்தபோது ஒரு அம்மா வந்து, "கிறுகிறுன்னு வருது தம்பி" என்றார். உடனே ஆரம்பித்துவிட்டேன். எப்போலேர்ந்து? வாந்தி இருக்கா? காது அடைக்குதா? ஆமாம், இல்லை என்று சொல்லிக்கொண்டே வந்தார். தலைசுற்றலுக்கு மாத்திரை எழுதினேன். சீட்டை வாங்கிக்கொண்டு கதவில் கை வைத்தவர் திரும்பி, "மருமக ஊருக்குப் போயிட்டா. எனக்கு ஒருத்திக்குன்னு ராத்திரி உலை வைக்கிறதில்ல" என்றார். சுகர் மாத்திரையை மட்டும் விடாமல் போட்டிருக்கிறார், வெறும் வயிற்றில். திரும்ப உட்காரவைத்துச் சர்க்கரை அளவு பார்த்தோம், தாழ்ந்திருந்தது. அவரைக் கவனித்து அனுப்பிய பிறகு என் ஆசிரியர் ஒன்றுதான் கேட்டார்: "அந்தம்மா பேச ஆரம்பிச்சதும் நீ எப்ப குறுக்கே புகுந்த?"

1984-இல் அமெரிக்காவில் பெக்மேன், ஃபிராங்கல் என்ற ஆய்வாளர்கள் இருவரும் இதை அளந்தார்கள். டாக்டர்கள் சராசரியாக 18 நொடியில் குறுக்கிட்டிருந்தார்கள். 1975-இல் பிரிட்டனில் ஹாம்ப்டன் குழு புதிதாக வந்த 80 பேரைப் பார்த்ததில், 66 பேருக்குப் பரிந்துரைக் கடிதமும் நோயாளி சொன்ன கதையுமே நோயைச் சரியாகக் காட்டியிருந்தன. கேட்டுக்கொண்டிருப்பது வீண் நேரம் என்று உங்கள் மாணவர் நினைத்தால் இதைச் சொல்லுங்கள்.

வாரத்தில் ஒரு நாள், நோயாளியின் சம்மதம் கேட்டுவிட்டு, அவர் முதுகுக்குப் பின்னால் மூலையில் நாற்காலி போட்டு உட்காருங்கள். எதிரில் உட்கார்ந்தால் அவர் உங்களிடம்தான் பேசுவார். ஆபத்து என்றாலொழிய வாய் திறக்க வேண்டாம். எனக்குக் கடினமாக இருந்தது இதுதான். நோயாளி போனதும், எது நன்றாக வந்தது என்று முதலில் மாணவரையே கேளுங்கள், பிறகு நீங்கள் சொல்லுங்கள். எதை மாற்றலாம் என்பது அதற்கப்புறம். பிரிட்டிஷ் உளவியலாளர் பெண்டில்டன் வகுத்த வழி இது. ஒரு நாளைக்கு ஒரு குறை போதும்.

"புரிஞ்சுதா?" என்று கேட்கும் வழக்கத்தையும் விடச் சொல்லுங்கள். நம் ஊரில் டாக்டர் அப்படிக் கேட்டால் எல்லோரும் தலையாட்டிவிடுவார்கள். "வீட்டுக்குப் போய்ப் பையன்கிட்ட எப்படிம்மா சொல்வீங்க, எந்த மாத்திரை எப்போன்னு?" என்று கேட்டால் தெரிந்துவிடும்.

இனி, வாசலில் நிற்பவர்கள். அவர்களுக்குத் தனியாகப் பதில் சொல்லாதீர்கள். நீங்கள் சொல்லச் சொல்ல உங்கள் மாணவர் சின்ன டாக்டராகவே நின்றுவிடுவார். அவரையும் கூப்பிட்டு மூன்று பேருமாக உட்காருங்கள். "தம்பிகிட்ட சொல்லாம விட்டது என்னம்மா?" என்று கேளுங்கள். பதிலை அவர் காதால் கேட்கட்டும், மருந்துச் சீட்டையும் அவரே திருத்தி எழுதட்டும்.