பிரஷ்லெஸ் மோட்டாருக்கு முன்னால் பினியனைப் பாருங்கள்

ஆதம்பாக்கம் வாசகர் ஒருவரின் கேள்வி இது. ஒன்பதாவது படிக்கும் மகனுக்கு 1:10 அளவு ரிமோட் டிரக் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கியிருக்கிறார். பின்சக்கரம் மட்டும் இழுக்கும் ரகம், பிரஷ் மோட்டார் (உள்ளே கார்பன் பிரஷ் உரசிக் கரண்ட் கடத்தும் சாதாரண ரகம்), ஏழு செல் நிக்கல் பேட்டரி. கம்பீரமாக இருக்கட்டும் என்று பெரிய டயர் மாட்டியிருக்கிறார்கள். ஞாயிறு காலையில் பெசன்ட் நகர் மணலிலும், மற்ற நாட்களில் வீட்டுக்குப் பக்கத்துக் காலி மனையிலும் ஓட்டுகிறார்கள். மணலில் ஆறேழு நிமிடத்தில் வண்டி அப்படியே நின்றுவிடுகிறது, கால் மணி நேரம் கழித்து மறுபடி ஓடுகிறது. மோட்டாரின் கியரோடு கடிக்கும் பெரிய பல்சக்கரமான ஸ்பர் கியர் இரண்டு தடவை பல் உதிர்ந்துவிட்டது. "15,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன். பிரஷ்லெஸ் மோட்டார், மூன்று செல் லைப்போ, அலுமினிய ஆர்ம் செட், மூன்றையும் சேர்த்தே போட்டுவிடலாமா?" என்று கேட்கிறார். (பிரஷ்லெஸ் என்பது பிரஷ் இல்லாத, சக்தி கூடிய மோட்டார்; லைப்போ என்பது லித்தியம் பாலிமர் பேட்டரி; ஆர்ம் என்பது சக்கரத்தைச் சேசிஸோடு, அதாவது அடிச்சட்டத்தோடு, இணைக்கும் கை.)

இப்போதைக்கு வேண்டாம் சார். உங்கள் வண்டி சக்தி போதாமல் நிற்கவில்லை, சூட்டில் நிற்கிறது. பேட்டரிக்கும் மோட்டாருக்கும் நடுவே இருக்கும் வேகக் கட்டுப்பாட்டுப் பெட்டி, அதாவது இஎஸ்சி, ஓர் அளவுக்கு மேல் சூடானால் தானாகவே மோட்டாருக்குப் போகும் கரண்டை நிறுத்தும். ஆறினதும் மறுபடி விடும். அடுத்த முறை வண்டி நிற்கும்போது அதன் விளக்கு மின்னுகிறதா என்று பையனைப் பார்க்கச் சொல்லுங்கள். பிரஷ் மோட்டாருக்கு இந்தப் பாதுகாப்பு எதுவும் கிடையாது. இஎஸ்சி முந்திக்கொண்டு நிற்பதால்தான் உங்கள் மோட்டார் இன்னும் உயிரோடு இருக்கிறது. காரணத்தைச் சரிசெய்யாமல் பெரிய மோட்டார் போட்டால், அதே சூடு இன்னும் சீக்கிரம் வரும், அந்தச் சூட்டில் போகும் சாமானும் விலை கூடியதாக இருக்கும்.

காரணம் பெரும்பாலும் அந்த டயர்தான். உங்கள் டயரின் அளவு எனக்குத் தெரியாது. 110 மில்லிமீட்டர் விட்டமுள்ள டயரை எடுத்துவிட்டு 125 போட்டதாக வைத்துக்கொள்வோம். ஒரு சுற்றுக்கு வண்டி போகும் தூரம் 14 சதவீதம் கூடிவிடுகிறது. மோட்டாரின் கண்ணுக்கு இது பினியனை, அதாவது மோட்டார் தண்டில் இருக்கும் குட்டிப் பல்சக்கரத்தை, 19 பல்லிலிருந்து 21, 22 பல்லுக்கு ஏற்றியது போலத்தான். சைக்கிளில் பெரிய கியர் போட்டுக்கொண்டு பாலம் ஏறுவதை நினைத்துப் பாருங்கள். அதற்கு மேல் உலர்ந்த மணல். அதில் ஒவ்வொரு சுற்றும் குழியிலிருந்து ஏறுவது மாதிரி. மோட்டார் மெதுவாகச் சுற்றிக்கொண்டே நிறைய கரண்ட் இழுக்கிறது, அந்தக் கரண்ட் சூடாக மாறுகிறது.

பெரிய டயர் வேண்டும் என்றால் பினியனைக் குறையுங்கள். கணக்கு சுலபம்: இப்போதைய பினியன் பல்லைப் பழைய டயர் விட்டத்தால் பெருக்கி, புதிய விட்டத்தால் வகுக்க வேண்டும். 19 பெருக்கல் 110, வகுத்தல் 125, வருவது 16.7. காலி மனைக்கு 16 போதும். மணலுக்கு இன்னும் ஒரு பல் குறைத்து 15 வையுங்கள். மேல்வேகம் குறையும், ஆனால் மணலில் அந்த மேல்வேகத்தை உங்கள் வண்டி எப்படியும் தொடவே இல்லை. வாங்கும்போது இரண்டு விஷயத்தைச் சரிபாருங்கள். ஒன்று, பல்லின் பிட்ச், அதாவது பல்லின் அளவு. 48 பிட்ச் ஸ்பரோடு 32 பிட்ச் பினியன் சேராது, ஒரு ஓட்டத்தில் பல்லைத் தின்றுவிடும். இரண்டு, பினியனின் ஓட்டை. பிரஷ் மோட்டார் தண்டு பொதுவாக 3.17 மில்லிமீட்டர், பெரிய பிரஷ்லெஸ் மோட்டாருக்கு 5 மில்லிமீட்டர். நாளைக்கு மோட்டார் மாற்றினால் இந்தப் பினியன் அதற்குப் பொருந்தாமல் போகலாம், அதையும் மனதில் வைத்து வாங்குங்கள்.

இனி பல் உதிர்வது. ஸ்பர் தரமில்லாததால் உதிர்கிறது என்று உடனே முடிவு கட்டாதீர்கள். இரண்டு கியரும் எவ்வளவு நெருக்கமாகக் கடிக்கின்றன என்பதுதான் முக்கியம், அதற்குப் பள்ளி நோட்டுத் தாள் போதும். விரல் அகலத்துக்கு ஒரு துண்டு கிழித்து, பினியனுக்கும் ஸ்பருக்கும் நடுவே விட்டு, மோட்டாரை ஸ்பர் பக்கம் அழுத்தியபடி அதன் இரண்டு திருகுகளையும் இறுக்குங்கள். ஸ்பரைக் கையால் உருட்டித் தாளை வெளியே எடுங்கள். தாளில் பல் தடம் மடிப்பு மடிப்பாகத் தெளிவாக விழுந்திருக்க வேண்டும், ஆனால் கிழிந்திருக்கக் கூடாது. கிழிந்தால் ரொம்ப நெருக்கம், தடம் மங்கலாக இருந்தால் ரொம்பத் தள்ளி. பிறகு ஸ்பரில் ஐந்தாறு இடத்தில் மோட்டார் பக்கமாகவும் எதிர்ப்பக்கமாகவும் லேசாக ஆட்டிப் பாருங்கள். எல்லா இடத்திலும் மயிரிழை ஆட்டம் இருக்க வேண்டும். ஓரிடத்தில் மட்டும் இறுகினால் ஸ்பர் கோணியிருக்கிறது. பினியனின் குட்டித் திருகு மோட்டார் தண்டின் தட்டையான பக்கத்தில் உட்கார வேண்டும், அதில் திருகு கழலாமல் பிடிக்கும் நீல நிறத் திரெட் லாக் பசை ஒரு சொட்டு விடுங்கள். இந்த வேலையைப் பையனையே செய்ய விடுங்கள். இரண்டு மூன்று தடவை செய்தால் விரலே சொல்லிவிடும்.

ஸ்பரோடு சேர்ந்து ஸ்லிப்பர் கிளட்ச் இருக்கும், நடுவில் ஸ்பிரிங் வைத்த ஒரு நட்டு. பழைய வண்டி வாங்கியவர்கள் பலர் அது எதற்கு என்று தெரியாமல் முழுசாக இறுக்கி வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். குதித்து இறங்கும்போது சக்கரம் திடீரென்று பிடித்தால் அந்த அதிர்ச்சியை வாங்க வேண்டியது இதுதான். முழுக்க இறுக்கி, ஒன்று அல்லது ஒன்றரைச் சுற்றுத் தளர்த்தி, அங்கிருந்து ஓட்டிப் பார்த்துச் சரிசெய்யுங்கள்.

அடுத்து பேரிங். சென்னையில் இந்த வண்டிகளைக் கொல்வது முக்கியமாக மணலும் உப்பும்தான், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஒவ்வொரு சக்கரத்தையும் மேலே தூக்கிக் கையால் சுண்டிவிடுங்கள். முன்சக்கரம் சத்தமில்லாமல் நாலைந்து சுற்றாவது சுற்ற வேண்டும். 'கரகர' என்றால் மணல் உள்ளே போய்விட்டது. சில வண்டிகளில் பேரிங்குக்குப் பதில் பிளாஸ்டிக் புஷ், அதாவது வெறும் வளையம், இருக்கும், அதையும் பேரிங்காக மாற்றிவிடுங்கள். சக்கர அச்சிலும் கியர்பாக்ஸிலும் அதிகம் வரும் அளவு 5 x 11 x 4 மில்லிமீட்டர். பேரிங் கடையில் எம்ஆர் 115 என்று சொன்னால் புரியும். பாரிமுனைப் பக்கம் போனால் இதைத் தனித்தனியாகவே கேட்டு வாங்கலாம். '2ஆர்எஸ்' என்று கேளுங்கள், இரண்டு பக்கமும் ரப்பர் மூடி. 'இசட்இசட்' என்றால் தகடு மூடி. அது சற்று லேசாகச் சுற்றும், ஆனால் நம் கடற்கரைக்கு ரப்பர்தான். இதற்கு உங்கள் பட்ஜெட்டில் சின்னப் பங்குதான் போகும், பலனோ உடனே தெரியும்: அதே பேட்டரியில் ஓட்டம் நீளும், மோட்டார் சூடும் குறையும்.

கடற்கரையிலிருந்து வந்ததும் குழாயடியில் வைத்துக் கழுவாதீர்கள். முதலில் மணல் உலர்ந்து உதிரட்டும், பெயின்ட் பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். பஞ்சர் கடையில் காற்றுக் குழாயைக் கேட்டு வாங்கி ஊதலாம், சேசிஸ் மேல் மட்டும். பேரிங்குக்கு நேராக ஊதினால் மணல் இன்னும் உள்ளே போகும். அப்புறம் நல்ல தண்ணீரில் பிழிந்த துணியால் உப்பு போகத் துடைத்து, விசிறிக் காற்றில் காயவைத்து, பேரிங் ஒவ்வொன்றுக்கும் ஒரு சொட்டுத் தையல் மெஷின் எண்ணெய். திருகுகளும் துரு ஏறாமல் இருக்கும். தண்ணீர் புகாத இஎஸ்சி என்று அட்டைப் பெட்டியில் போட்டிருப்பது அந்த இஎஸ்சிக்கு மட்டும்தான் பொருந்தும். அலையில் விட்ட வண்டியின் மோட்டார் பேரிங்கை அது காப்பாற்றாது.

அலுமினிய ஆர்ம் பற்றிக் கேட்டீர்கள். நானும் ஒரு காலத்தில் நான்கு ஆர்மையும் நீல அலுமினியத்தில் மாற்றினேன். அவ்வளவு அழகாக இருந்தது. இரண்டாவது வாரம் மடிப்பாக்கத்தில் ஒரு மனையில், புல்லுக்குள் மறைந்திருந்த எல்லைக்கல்லில் முன்சக்கரம் மோதியது. ஆர்மில் கீறல்கூட இல்லை. அது மாட்டியிருந்த பல்க்ஹெட், அதாவது சேசிஸின் முனையில் ஆர்மைத் தாங்கும் பாகம், இரண்டாகப் பிளந்து, சேசிஸிலும் விரிசல். நைலான் ஆர்ம் வளைந்து கொடுத்து அடியை வாங்கிக்கொள்ளும். ரொம்ப மோசமான அடி என்றால் அது உடையும், நான்கு திருகைக் கழற்றி வேறு மாட்டலாம். அலுமினியம் வளைந்து கொடுக்காது, அடியை அப்படியே அடுத்த பாகத்துக்கு அனுப்பும். பையன் கற்றுக்கொள்ளும் வயதில் நைலான் ஆர்மே இருக்கட்டும், உபரியாக ஒரு ஜோடி வாங்கி வையுங்கள். அலுமினியம் பலன் தரும் இடங்கள் வேறு: சூட்டைக் கடத்தும் மோட்டார் பிளேட், சக்கரம் உட்காரும் அறுகோண ஹெக்ஸ், அதிர்வு தாங்கும் ஷாக்கின் மூடி, பின் அச்சைப் பிடிக்கும் ஹப்.

ஷாக்கில் எண்ணெய் ஒழுகாமல் இருந்தால் இப்போதைக்கு விட்டுவிடுங்கள். மே மாதத்தில் வண்டி துள்ளுவது அதிகமானால் சிலிக்கான் எண்ணெயை ஒரு படி கெட்டியாக மாற்றுங்கள், 30 இருந்தால் 35 அல்லது 40. பெரிய டயரைத் திருப்பப் பழைய சர்வோ, அதாவது ஸ்டீயரிங்கைத் திருப்பும் குட்டி மோட்டார், திணறும். மெட்டல் கியர் சர்வோ போடலாம், ஆனால் அடியிலிருந்து அதன் கியரைக் காக்கும் சர்வோ சேவரைக் கழற்றிவிடாதீர்கள். புது சர்வோ போட்டபின் திருப்பும்போதெல்லாம் வண்டி ஒரு கணம் செத்துப் பிழைத்தால், இஎஸ்சி கொடுக்கும் மின்சாரம் அதற்குப் போதவில்லை என்று அர்த்தம், சர்வோவுக்கு மின்சாரம் தரும் பிஇசி ஒன்று தனியாகத் தேவைப்படும்.

இத்தனையும் செய்து ஒரு மாதம் ஓட்டுங்கள். ரிச்சி தெருவில் கிடைக்கும் இன்ஃப்ராரெட் வெப்பமானி ஒன்று வாங்கி, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மோட்டார் உறையைப் பாருங்கள். 80 டிகிரிக்குள் இருந்தால் நல்லது. 90-ஐத் தாண்டினால் நிறுத்திவிட்டு இன்னும் ஒரு பல் குறைக்க வேண்டும். அந்தச் சூட்டில் காந்தம் பலம் இழக்கும், பிரஷ் சீக்கிரம் தேயும். கத்திரி வெயிலில் காற்றே 40 டிகிரி என்றால் மோட்டார் ஆறுவதற்கான இடைவெளி சுருங்கிவிடுகிறது. அந்த நாட்களில் காலை ஏழரைக்குள் முடித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் பிரஷ்லெஸ். தாராளமாகப் போடலாம், பையன் அதற்குள் வண்டியைப் பிரித்து மாட்டக் கற்றிருப்பான். ஆனால் இரண்டு செல் லைப்போவிலேயே நிறுத்துங்கள். ஏன் என்று ஒரு கணக்கு. 3,500 கேவி மோட்டார் என்றால் ஒரு வோல்ட்டுக்கு, சுமை இல்லாதபோது, நிமிடத்துக்கு 3,500 சுற்று. இரண்டு செல் முழுசாக சார்ஜ் ஆனால் 8.4 வோல்ட், 29,400 சுற்று. மூன்று செல்லில் 12.6 வோல்ட், 44,100 சுற்று. வேகம் ஒன்றரை மடங்கு, மோதும்போது வண்டி சுமக்கும் ஆற்றலோ இரண்டேகால் மடங்கு. அந்தக் காலி மனையில் பக்கத்து வீட்டுக் குழந்தைகளும் விளையாடுவார்கள். இரண்டு செல்லிலேயே இந்த எடை வண்டி ஒரு கணுக்காலைக் காயப்படுத்தப் போதும்.

லைப்போ வாங்கும் நாளில் செல்களைச் சமமாக நிரப்பும் பேலன்ஸ் சார்ஜரும் சேர்த்து வாங்குங்கள், இதில் மிச்சம் பிடிக்காதீர்கள். 5,000 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரியை 5 ஆம்பியரில் சார்ஜ் செய்யுங்கள், அதற்கு மேல் வேண்டாம். இஎஸ்சியில் லைப்போவுக்கான குறைந்த வோல்ட் கட்-ஆஃப் (வோல்ட் ரொம்ப இறங்கினால் கரண்டை நிறுத்தும் அமைப்பு) போட மறக்காதீர்கள். நிக்கல் பேட்டரிக்கு வைத்த அமைப்பிலேயே விட்டால் முதல் ஓட்டத்திலேயே செல் செத்துவிடலாம். ஒரு வாரம் ஓட்டப்போவதில்லை என்றால் செல்லுக்கு 3.8 வோல்ட்டில் நிறுத்தி வையுங்கள். சார்ஜ் செய்யும்போது மண் சட்டியில் வைத்து, மொசைக் தரையில், நீங்கள் அதே அறையில் இருக்க வேண்டும். உப்பிய பேட்டரியை மறுபடி சார்ஜரில் மாட்டவே கூடாது. வண்டியை ஓட்டிவிட்டு பேட்டரியை பைக் பெட்டியிலோ கார் டாஷ்போர்டிலோ வெயிலில் விட்டுவிட்டு டிபன் சாப்பிடப் போவது நம் ஊரில் நடக்கும் பெரிய தவறு.

புதுப் பேட்டரிக்குக் கனெக்டர் மாற்ற வேண்டிவரும். எக்ஸ்டி 60 ரகக் கனெக்டர், சிலிக்கான் உறை போட்ட 12 அல்லது 14 கேஜ் ஒயர், சூட்டில் சுருங்கும் ஷ்ரிங்க் ஸ்லீவ் எல்லாம் ரிச்சி தெருவிலேயே கிடைக்கும். மட்டமான கனெக்டரில் சால்டர் வைக்கும்போது பிளாஸ்டிக் இளகி முள் கோணிவிடும். எதிர் ஜோடியைச் செருகி வைத்துக்கொண்டு சால்டர் செய்தால் முள் நேராகவே இருக்கும். பேட்டரி பக்க ஒயர்களை ஒவ்வொன்றாகத்தான் வெட்ட வேண்டும், இரண்டையும் ஒரே கட்டரில் சேர்த்து வெட்டினால் அந்த நொடியே ஷார்ட்.

கடைசியாக ஓட்டும் இடம். பெசன்ட் நகரில் அலை தொட்டுப்போன ஈர மணலுக்குச் சற்று மேலே கெட்டியான பட்டை ஒன்று இருக்கும், மோட்டாருக்கு அதுதான் சுகம். உலர்ந்த மணலில் தொடர்ந்து ஓட்டாமல் நடுநடுவே இந்தப் பட்டைக்கு வந்து காற்று வாங்கட்டும். ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் இந்தக் கரையில்தான் இரவில் ஏறி முட்டையிடுகின்றன, குஞ்சு பொரிய இன்னும் ஒன்றரை மாதம் ஆகும். தன்னார்வலர்கள் ராத்திரி முழுக்க நடந்து முட்டைகளைச் சேகரிக்கிறார்கள், ஆனாலும் ஒன்றிரண்டு கூடு கண்ணில் படாமல் தப்பும். அந்த மாதங்களில் இருட்டில், லைட் பார் மாட்டிய வண்டியோடு அங்கே போகாதீர்கள். மேட்டு மணலைப் பகலிலும் விட்டுவிட்டு, அந்தக் கெட்டிப் பட்டையில் மட்டும் ஓட்டுங்கள்.