பின்னால் மண்மேடு இருக்கிறதா?

கேள்வி: போன வருடம் எங்களுக்கு கிரீன் கார்டு வந்தது. வீட்டுப் பாதுகாப்புக்காகக் கணவர் ஒரு 9 எம்.எம். பிஸ்டல் வாங்கியிருக்கிறார். சனிக்கிழமைகளில் நண்பர்களோடு பாலைவனத்துக்குப் போய்ச் சுட்டுப் பழகலாம் என்கிறார். எச்-1பி விசாவில் இருக்கும் என் தம்பியும் வருகிறேன் என்கிறான். போகலாமா? எப்படிப் பழகுவது?
- ஒரு வாசகி, சாண்ட்லர், அரிசோனா

பதில்: முதலில் தம்பி விஷயம், சகோதரி. எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ கையில் வைத்திருக்கக் கூட்டாட்சிச் சட்டம் தடை போடுகிறது. "சும்மா ரெண்டு ரவுண்டு சுடட்டுமே" என்று நண்பர்கள் நீட்டினாலும் வாங்கக்கூடாது. வேட்டை உரிமம் வைத்திருப்பவருக்கு விலக்கு உண்டு. அதையும் வழக்கறிஞரிடம் கேட்டுவிட்டுத்தான் நம்ப வேண்டும். இப்போதைக்குத் தம்பி வீட்டிலேயே இருக்கட்டும்.

சரி, உங்களுக்கு வருகிறேன். இடுப்பு உறையிலிருந்து உருவிச் சுடுவதைப் பல ரேஞ்சுகளில் (சுட்டுப் பழகும் மைதானங்களில்) புதியவர்களுக்கு அனுமதிப்பதில்லை. அதனால்தான் நிறையப் பேர் வெட்டவெளிக்குப் போகிறார்கள். நானும் பதினான்கு வருடமாக டோன்டோ தேசிய வனத்துக்குப் போகிறேன். அங்கே வீடு, முகாம், ஆள் இருக்கும் இடம் எதுவானாலும் 150 கஜத்துக்குள் சுடக்கூடாது. வனச்சாலைக்கும் நீர்நிலைக்கும் குறுக்கேயும் கூடாது. கோடையில் தீ அபாயம் என்றால் மொத்தமாகவே நிறுத்திவிடுவார்கள், கிளம்பும் முன் வன அலுவலகத்துக்கு ஒரு போன் போடுங்கள்.

இடம் பார்க்கும்போது இலக்கை விட அதன் பின்னால் இருப்பதைப் பாருங்கள். முதல் வருடம் நாங்கள் சமதரையில் இலக்கு அட்டையை நட்டோம். பின்னால் வெறும் புதர்தான், யாரும் இல்லை என்று நினைத்தோம். மூன்றாவது குண்டு அட்டைக்குக் கீழே ஒரு கல்லில் பட்டு, இழுத்துக் கட்டிய கம்பியைச் சுண்டியது போல 'ஙொய்ங்' என்று எகிறிப் போனது. எங்கே விழுந்தது என்று இன்றுவரை தெரியாது. அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. 9 எம்.எம். குண்டு ஒரு மைலுக்கு மேல் போகும். 1999-இல் பீனிக்ஸில் தன் வீட்டுக் கொல்லையில் நின்றிருந்த ஷானன் ஸ்மித் என்ற 14 வயதுப் பெண், யாரோ வானத்தைப் பார்த்துச் சுட்ட குண்டு விழுந்து இறந்துபோனாள். நகர எல்லைக்குள் அலட்சியமாகச் சுடுவதைக் கடும் குற்றமாக்கிய 'ஷானன் சட்டம்' அடுத்த வருடமே வந்தது. அந்த 'ஙொய்ங்' சத்தத்துக்கு அப்புறம், ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு மண்மேடு நிற்கும் வறண்ட ஓடைக்கரையில் மட்டுமே நான் அட்டை நடுகிறேன். மண்ணில் கல் அதிகமிருந்தால் அந்த இடமும் வேண்டாம்.

பாலைவனத்துக்குப் போகும் முன், வடக்கு பீனிக்ஸில் மாநில வனவிலங்குத் துறை நடத்தும் பென் ஏவரி ரேஞ்சு போன்ற இடத்தில் ஒரு பயிற்சியாளரிடம் ஆரம்பியுங்கள். உருவிப் பழகுவதை வீட்டில் காலித் துப்பாக்கியோடு செய்யுங்கள், தோட்டா வேறு அறையில் இருக்கட்டும். கை பிடியில் படிவது, நேராக மேலே எடுப்பது, இரு கையும் சேர்வது, நீட்டுவது, எல்லாமே மெதுவாக. விரல் விசைக்கு வெளியே, உலோகத்தோடு ஒட்டி நீண்டிருக்க வேண்டும். துப்பாக்கியின் மேலிருக்கும் பார்வைக்குறி இலக்கில் அமர்ந்த பிறகுதான் விரல் உள்ளே போகும். வெளியில் முதல் மாதங்களில் 7 கஜத்திலிருந்து, ஒரு தடவை உருவினால் ஒரே குண்டு. நண்பர்கள் ஒரே தடவை உருவி ஆறு குண்டை மடமடவென்று சுடும் 'பில் ட்ரில்' செய்து காட்டுவார்கள். நீங்கள் இப்போது அதைத் தொடாதீர்கள். ஒருவர் சுடும்போது மற்ற எல்லாரும் அவருக்குப் பின்னால் நில்லுங்கள்.

கழுத்து மூடிய சட்டை போடுங்கள். சுட்டதும் தெறித்து விழும் தோட்டாவின் பித்தளைக் குப்பி நெருப்பாய்ச் சுடும். அது காலருக்குள் விழுந்தால் உடம்பு தானாகவே திரும்பும், துப்பாக்கியும் கூடவே திரும்பும். அந்த நேரத்தில் குழல் மண்மேட்டைப் பார்த்தபடியே இருக்க வேண்டும், சூட்டைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். வெடிச் சத்தம் 140 டெசிபலைத் தாண்டும், காதுக்குள் பஞ்சடைப்பான், அதன்மேல் காதுமூடி, இரண்டும் வேண்டும். குப்பிகளைப் பொறுக்கிய கையில் ஈயத்தூள் இருக்கும். சோப்புப் போட்டுக் கழுவாமல் தண்ணீர் பாட்டிலைக்கூடத் தொடாதீர்கள். வீட்டில் குழந்தை இருந்தால், உடை மாற்றிய பிறகு தூக்குங்கள்.