ஹேக்கிங் பழக வீட்டிலேயே லேப் அமைக்க முடியுமா? 8 ஜிபி ரேம் லேப்டாப் போதுமா?

தாராளமாகப் போதும். லேப்டாப்புக்குள்ளேயே இன்னொரு கணினியை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் இலவசம். அதில் இரண்டு மெஷின்கள் போடுங்கள்: தாக்குவதற்குக் காளி லினக்ஸ் (ஹேக்கிங் கருவிகளோடு வரும் லினக்ஸ், 2 ஜிபி ரேம்), அடி வாங்குவதற்கு மெட்டாஸ்ப்ளாய்டபிள் 2 (512 எம்பி போதும்). இரண்டாவது, வேண்டுமென்றே ஓட்டைகளோடு ரேப்பிட்7 நிறுவனம் வெளியிட்ட பழைய உபுண்டு லினக்ஸ்.

ஒன்றில் மட்டும் கவனம். ஓட்டை மெஷினின் நெட்வொர்க்கை 'பிரிட்ஜ்டு' என்று வைக்காதீர்கள்; வீட்டு வைஃபையில் எல்லோருக்கும் அது தெரியும். 'ஹோஸ்ட்-ஒன்லி' வையுங்கள்; அது உங்கள் லேப்டாப்புக்குள்ளேயே அடங்கிவிடும். அப்புறம், தொடங்கும் முன் ஸ்னாப்ஷாட் (மெஷினின் அப்போதைய நிலையின் பதிவு) எடுங்கள். நான் அதை எடுக்காமல் ஆரம்பித்து, முதல் வாரத்திலேயே மெஷினைக் கெடுத்துக்கொண்டு எல்லாவற்றையும் திரும்ப நிறுவினேன்.

முதல் பயிற்சிக்கு, காளியிலிருந்து, எந்தப் போர்ட்கள் (நெட்வொர்க் வாசல்கள்) திறந்திருக்கின்றன என்று பார்க்கும் என்மேப்பை -sV சேர்த்து ஓட்டை மெஷின்மீது ஓட்டுங்கள். 21-ஆம் போர்ட்டில் 'விஎஸ்எஃப்டிபிடி 2.3.4' என்று வரும்; அது கோப்புகளைப் பரிமாறும் எஃப்டிபி சர்வர். 2011-இல் யாரோ அதன் டவுன்லோட் கோப்புக்குள் ஒரு கள்ளக்கதவை நுழைத்துவிட்டார்கள். பயனர் பெயரின் கடைசியில் ஒரு ஸ்மைலி, அதாவது :) சேர்த்து லாகின் செய்தால் 6200-ஆம் போர்ட் திறந்துகொள்ளும். கடவுச்சொல் எதுவானாலும் சரி. நெட்கேட்டில் (போர்ட்டோடு நேரடியாகப் பேசும் கருவி) அந்தப் போர்ட்டைத் தொட்டு 'ஹூஆம்ஐ' (whoami, 'நான் யார்') அடித்தால் 'ரூட்', அதாவது முழு அதிகாரம் உள்ள பயனர், என்று பதில் வரும். மெட்டாஸ்ப்ளாய்ட் என்ற தாக்குதல் கருவி இதைத் தானாகவே செய்துவிடும்தான். ஆனாலும் முதல்முறை கையால் செய்து பாருங்கள், அப்போதுதான் உள்ளே நடப்பது புரியும். அதே நேரம் நெட்வொர்க்கில் ஓடுவதைக் காட்டும் வயர்ஷார்க்கைத் திறந்து வைத்தால் அந்த ஸ்மைலி அப்படியே ஓடுவது தெரியும், ஏனென்றால் சாதாரண எஃப்டிபி எதையும் மறைத்து அனுப்புவதில்லை.

வெப் பக்கம்தான் ஆர்வம் என்றால், டிவிடபிள்யூஏ (வேண்டுமென்றே ஓட்டைகளோடு செய்த பயிற்சி வெப்தளம்) அதே ஓட்டை மெஷினிலேயே இருக்கிறது.