ஆர்க்னி தீவுகள் எப்படி ஸ்காட்லாந்தின் கைக்கு வந்தன?

சுருக்கமாகச் சொன்னால், அடகு மூழ்கிப்போய்!

ஆனால் கதை அதற்கு வெகுகாலம் முன்பே தொடங்குகிறது. 1850இல் அடித்த புயல் ஒன்று மணல்மேட்டைப் பெயர்த்தபோது ஆர்க்னியில் ஸ்காரா பிரே வெளிப்பட்டது. சுமார் 5,000 ஆண்டுப் பழைய ஊர். அங்கே மரம் அரிது என்பதால் கட்டில், அலமாரி எல்லாமே கல் பலகைதான். நடுவில் அடுப்பு, வாசலுக்கு நேரெதிரே அலமாரி என அவை இன்றும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன.

அப்புறம் ஸ்காட்லாந்தின் பழங்குடிகளான பிக்ட் மக்கள், அவர்களுக்குப் பின் கடலோடிகளான வைக்கிங்குகள். பல நூற்றாண்டுகள் இது நார்வே அரசுக்கு உட்பட்ட பகுதி. ஆர்க்னியின் முக்கிய ஊரான கிர்க்வாலில் உள்ள புனித மேக்னஸ் பேராலயம் 1137இல் தொடங்கப்பட்டது அந்தக் காலத்தில்தான்.

சரி, அடகு விஷயம். டென்மார்க், நார்வே இரண்டுக்கும் மன்னரான முதலாம் கிறிஸ்டியன், தன் மகள் மார்கரெட்டை ஸ்காட்லாந்தின் மூன்றாம் ஜேம்ஸுக்குக் கட்டிக்கொடுத்தார். பேசிய சீதனம் 60,000 ஃபுளோரின் நாணயங்கள். கையில் அவ்வளவு இல்லை. 1468இல், 50,000க்கு ஈடாக ஆர்க்னியை எழுதிக்கொடுத்தார். அடுத்த ஆண்டே பக்கத்துத் தீவுக்கூட்டமான ஷெட்லாந்தும் அடகு போனது. மீட்கத்தான் ஆளில்லை. 1472இல் இரண்டையும் ஸ்காட்லாந்து தன்னோடு சேர்த்துக்கொண்டது.

இருபதாம் நூற்றாண்டில் இங்குள்ள ஸ்காபா ஃப்ளோ என்ற இயற்கைத் துறைமுகம் பிரிட்டிஷ் கடற்படைத் தளமானது. முதல் உலகப் போருக்குப் பின், 1919இல் அங்கே காவலில் இருந்த ஜெர்மன் கடற்படையினர் தங்கள் கப்பல்களைத் தாங்களே மூழ்கடித்தார்கள். 1939இல் ஜெர்மன் நீர்மூழ்கி உள்ளே புகுந்து ராயல் ஓக் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலைத் தகர்த்ததும், கிழக்கு வழிகளை அடைக்கத் தடுப்புகள் கட்டினார்கள். வேலையில் இத்தாலியப் போர்க்கைதிகளும் இருந்தனர். இன்று அந்தத் தடுப்புகள்மேல் கார்கள் ஓடுகின்றன.