ஹீட் ஸ்ட்ரோக் என்றால் வெயிலில் வரும் பக்கவாதமா?

இல்லைங்க. சில செய்திகளில் 'வெப்பப் பக்கவாதம்' என்று எழுதுவதால் வரும் குழப்பம் இது. பக்கவாதம் மூளையின் ரத்தக்குழாய் அடைப்பதாலோ வெடிப்பதாலோ வருவது. இதுவோ, உடலின் உள்வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டி, வியர்த்துத் தணித்துக்கொள்ளும் ஏற்பாடே தோற்றுப்போகும் நிலை.

கோயம்புத்தூருக்காவது பாலக்காட்டுக் கணவாய்க் காற்று உண்டு. ஈரோடு, கரூர் பக்கம் கத்திரியில் என்ன பாடு என்று உங்களுக்கே தெரியும். வெயிலில் நின்றால்தான் வரும் என்பதும் இல்லை. தகரக் கூரை போட்ட தறிக்கூடத்துக்குள் புழுக்கத்தில் நிற்பவருக்கும் வரலாம்.

தலைவலி, வாந்தி, களைப்போடு நின்றால் வெப்பச் சோர்வு. நிழலும் உப்புப் போட்ட மோரும் பெரும்பாலும் போதும். ஆள் சம்பந்தமில்லாமல் பேசினாலோ, நாக்குக் குழறினாலோ, வலிப்பு வந்தாலோ சூடு மூளையைத் தொட்டுவிட்டது. தோல் காய்ந்திருக்க வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். காட்டு வேலை செய்தவருக்கு வியர்வை கொட்டிக்கொண்டே இருக்கலாம். தாமதித்தால் தசை சிதைந்து சிறுநீரகம் பழுதாகும், கல்லீரலும் கெடும், உயிரே போகும்.

108-ஐக் கூப்பிடுங்கள். வண்டி வரும்வரை சும்மா நிற்காமல் நிழலுக்குத் தூக்கி, சட்டையைக் கழற்றி, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நினைவு தடுமாறுகிறவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, புரையேறிவிடும். அப்புறம், பாராசிட்டமால் இதற்கு வேலை செய்யாது. இது காய்ச்சல் இல்லை.