தொட்டிப் படகில் ஏற ஓகிக்குப் போகிறவர்களுக்கு

அக்டோபரில் ஜப்பான் செல்லும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: “சாடோ தீவின் ஓகி துறைமுகத்தில் தொட்டிப் படகில் ஏற ஆசை. 70 வயது அம்மாவும் உடன் வருகிறார். டோக்கியோவிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்பலாமா?”

வேண்டாம். டோக்கியோவிலிருந்து நிகாட்டாவுக்குப் புல்லட் ரயிலில் சுமார் 2 மணி நேரம். அங்கிருந்து தீவின் ரியோட்சு துறைமுகத்துக்கு விரைவுப் படகில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். கார் ஏற்றும் கப்பலில் இரண்டரை மணி நேரம். ஓகி இருப்பதோ தீவின் தென்கோடியில். காரில் போனாலே இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், பஸ்கள் குறைவு. இவ்வளவு அலைந்து அம்மா படகில் உட்காரப்போவது பத்து நிமிடம்தான். ஓகியில் ஓர் இரவாவது தங்குங்கள். நவோயெட்சு என்ற மற்றொரு துறைமுகத்திலிருந்து நேரே ஓகிக்கு வரும் கப்பல் குளிர்காலத்தில் நின்றுவிடும். அக்டோபரிலும் எல்லா நாளும் ஓடும் என்று நம்பிவிடாமல் அட்டவணையைப் பாருங்கள்.

அம்மா தாராளமாக ஏறலாம். தட்டையான அடிப்பாகம் கொண்ட தொட்டி அது. சுழலுமே தவிர எளிதில் கவிழாது. துடுப்பு போடும் பெண்மணி முன்புறம் நின்று ஒற்றைத் துடுப்பை அசைத்துச் செலுத்துவார். கரையிலிருந்து தாழ இறங்கி உட்கார வேண்டும் என்பதால், முழங்கால் வலி இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இந்தப் படகு சுற்றுலாவுக்காகப் பிறந்ததல்ல. 1802ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் இங்கே கடலடி உயர்ந்து, கரையெங்கும் பாறைகளும் குறுகிய இடுக்குகளும் உண்டாயின. நீளமான படகு அங்கே திரும்ப முடியாது. துணி துவைக்கும் தொட்டியையே பெரிதாக்கி, கண்ணாடி அடியிட்ட பெட்டி வழியே நீருக்குள் பார்த்து, அபலோன் என்ற கடல் நத்தையும் கடற்பாசியும் எடுத்தார்கள். தேவதாருப் பலகைகளை மூங்கில் பட்டையால் இறுக்கிக் கட்டும் அந்தத் தொழில்நுட்பத்தை ஜப்பான் அரசு 2007இல் முக்கிய நாட்டுப்புறப் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது. இதை அறிந்து ஏறினால் அந்தப் பத்து நிமிடத்துக்கு மதிப்பு கூடும்.

மறுநாள் காலை, சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஷுகுனெகி கிராமத்துக்கு அவசியம் போங்கள். வணிகக் கப்பல் முதலாளிகளும் கப்பல் தச்சர்களும் வாழ்ந்த ஊர். வீட்டுச் சுவர்களில் கப்பல் பலகைகள், சந்துகளோ மிகக் குறுகல். மேட்டில் பழைய பள்ளிக் கட்டடத்தில் இயங்கும் அருங்காட்சியகத்தில், ஹகுசான்மாரு என்ற பாய்மரச் சரக்குக் கப்பலின் முழு அளவு மாதிரி இருக்கிறது. தொட்டிப் படகைவிட எனக்குப் பிடித்தது இதுதான். மேட்டுக்கு அம்மாவை டாக்சியில் அழைத்துச் செல்லுங்கள்.

சைவ உணவுக்காரர் என்றால் விடுதியில் பதிவு செய்யும்போதே சொல்லுங்கள். காய்கறிக் குழம்பிலும் மீன் சாறு சேர்ப்பது அங்கே வழக்கம். கையில் ரொக்கமும் இருக்கட்டும்.

காற்று பலமானால் தொட்டிப் படகும் நிற்கும், கப்பலும் நிற்கும். ஆகவே ஊர் திரும்பும் விமானத்துக்கு முந்தைய இரவைத் தீவில் வைக்காதீர்கள், டோக்கியோவில் வைத்துக்கொள்ளுங்கள்.