சமையலறைச் சுவரை இடிக்கலாமா?

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் என் மாமனார் கட்டிய வீடு. சமையலறை 8க்கு 7 அடிதான். இரண்டு பேர் நின்றால் முட்டிக்கொள்கிறோம். ஹாலை ஒட்டிய சுவரை எடுத்துவிட்டு ஓப்பன் கிச்சன் ஆக்கிவிடலாம் என்கிறார் மேஸ்திரி. மீன் வாசனை ஹாலுக்கு வந்துவிடும், வேண்டாம் என்கிறார் மாமியார். யார் சொல்வது சரி?
- ஒரு வாசகி, கடலூர்

பதில்: மாமியார் சொல்வதில் பாதிக்கு மேல் சரி. புதுச்சேரி முத்தியால்பேட்டையில் என் வீட்டில் இதே வேலையை, யாரையும் கேட்காமல் செய்தேன். கட்டட வேலை தெரிந்தவன் என்ற திமிர். ஞாயிற்றுக்கிழமை வறுத்த வஞ்சிரம் புதன்கிழமை வரை சோபா மெத்தையில் குடியிருந்தது. கடைசியில், இடித்த சுவரில் பாதியை நானே திரும்பக் கட்டினேன்.

முதலில் டேப்பை எடுத்து, வாசல் நிலையோரம் சுவரின் கனத்தை அளந்து பாருங்கள். பூச்சோடு 6 அங்குலத்துக்குள் இருந்தால் அரைக்கல் சுவர். பெரும்பாலும் வெறும் தடுப்புதான். 10 அங்குலம் வந்தால் மேல்தளமே அதன்மேல் உட்கார்ந்திருக்கலாம். மேஸ்திரியின் வாய்ச்சொல்லை நம்பி அதைத் தொடாதீர்கள். இன்ஜினீயர் ஒருவர் நேரில் வந்து பார்க்கட்டும். அரைக்கல்லாகவே இருந்தாலும், பரணின் கடப்பா கல் அதில் சொருகியிருக்கிறதா என்று கவனியுங்கள். அப்புறம், உங்களுடையது உப்புக்காற்று ஊர். வெட்டும்போது கான்கிரீட்டில் கம்பி வெளியே தெரிந்தால் அப்படியே விட்டுவைக்காதீர்கள். துருவேறிய கம்பி பருத்து, கான்கிரீட்டையே பிளந்து தள்ளும்.

அரைக்கல்தான் என்றால், மேடை மட்டத்துக்கு மேலே 4 அடி அகலத்துக்கு மட்டும் வெட்டி, திறப்பின் தலைமாட்டில் லிண்டல் (மேலே உள்ள சுவரைத் தாங்கும் குறுக்கு உத்திரம்) போடுங்கள். அதற்கு மேல் மிச்சமிருக்கும் சுவர் புகையைக் கொஞ்சம் தடுத்து நிறுத்தும். வறுக்கிற அன்றைக்கு இழுத்துச் சாத்த ஒரு தள்ளு கண்ணாடிக் கதவும் வேண்டும்.

ஜன்னல் கிழக்கே பார்த்திருக்கிறதா? மதியத்துக்கு மேல் கடல்காற்று அந்த வழியாக வந்து வாசனையை ஹாலுக்குள் தள்ளும். எக்ஸாஸ்ட் ஃபேனையும் அதே சுவரில் வைத்தால் காற்றோடு மல்லுக்கட்டும். வடக்கிலோ தெற்கிலோ வெளிச்சுவர் இருந்தால் அங்கே, உயரத்தில் வையுங்கள்.

ஹால் பக்கம் கிரானைட்டை ஓரடி நீட்டிவிட்டு, முதுகு சாய்கிற மாதிரி உயரமான நாற்காலி ஒன்று போடுங்கள். முருங்கைக்கீரை உருவ உங்கள் மாமியார் அங்கேதான் வந்து உட்காருவார். எங்கள் வீட்டில் அந்த இடம் அம்மாவுக்கு. பேச்சு பாதியில் நிற்கிறது என்று, மீன் வறுக்கும்போதுகூடக் கண்ணாடிக் கதவைச் சாத்த விடுவதில்லை.